வெள்ளிக்கிழமை டெலிபோன்

யமுனா ஊருக்குத் திரும்பி வருகிறாள் என்ற சேதி முதலில் ரத்னம்மாவின் காதில்தான் விழுந்தது. அவள் அதை உடனே யாருக்கும் சொல்லவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு ஆபீஸ் அறைக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். வெளியே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் ரேஷ்மா, கூரையிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் வரிசையாக வைத்து, எது முதலில் நிறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"போன்ல யாரு மா?" என்றாள்.

"டேம் சாரு. லெவல் கேட்டாரு," என்றாள் ரத்னம்மா. "உள்ள வா. ஜொரம் வந்து படுத்துக்கினா யாரு பாக்கறது?"

அந்தக் கேள்விக்கு இதுநாள் வரை ஒரே பதில்தான் இருந்தது. இனிமேல் அப்படி இல்லை. ரத்னம்மா அவளை அருகில் இழுத்துக்கொண்டாள். பெண்ணின் தலையை முந்தானையால் துவட்டினாள். கொஞ்சம் அழுத்தியே துவட்டிவிட்டாள் போலிருக்கிறது. "வலிக்குது மா" என்று ரேஷ்மா தலையை உருவிக்கொண்டாள்.

கார்வேட்டிநகரத்துக்கு மேலே, இரண்டு குன்றுகள் நெருங்கி வரும் இடத்தில் கரை போட்டுக் கட்டிய சின்ன நீர்த்தேக்கம் நெமிலிமடுகு. புத்தூருக்கும் நகரிக்கும் குடிதண்ணீர் அங்கிருந்துதான் குழாயில் இறங்கிப் போகிறது. ரத்னம்மாவின் மாமனார் நாகையா அந்தக் கரைக்கு மண் சுமந்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம். வேலை முடிந்தபோது அவருடைய மூத்த மகன் முனிகிருஷ்ணனை வாட்ச்மேனாக எடுத்துக்கொண்டார்கள். கரைக்குக் கீழே ஒரு குவார்ட்டர்ஸ், அதை ஒட்டி ஓர் ஆபீஸ் அறை, அறைக்குள் ஒரு கறுப்பு டெலிபோன். அந்த மலையில் இருந்த ஒரே போன் அதுதான். காலையில் புத்தூரிலிருந்து எஞ்சினியர் கூப்பிடுவார். "ரத்னம்மா, லெவல் எந்த?" என்று தண்ணீர் மட்டத்தைத் தெலுங்கில் கேட்பார். முனிகிருஷ்ணன் கரையைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தால், அவன் சொல்லிவிட்டுப் போன அளவை இவள் சொல்வாள்.

முனிகிருஷ்ணனின் தம்பி சுரேஷ்பாபு நகரியில் பவர்லூம் ஓட்டினான். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் யமுனா. நகரிப் பெண், பத்தாவது பாஸ், தெலுங்கும் தமிழும் ஒன்றுபோலப் பேசுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் எஞ்சினியர் போன் செய்தபோது அவள் எடுத்துப் பேசினாள். மறுநாள் அவர், "ஆ அம்மாயி ஏதி? நன்னா பேசுச்சே," என்று அந்தப் பெண்ணைப் பற்றி விசாரித்தார். எத்தனையோ வருஷமாக லெவல் சொல்லும் ரத்னம்மாவை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. யமுனாவின் மேல் ரத்னம்மாவுக்கு எரிச்சல் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மழை நின்று போனது. ஒரு வருஷம், அடுத்த வருஷம் என்று வரிசையாகப் பொய்த்தது. மடுகு சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நின்றது. தினமும் காலையில் எஞ்சினியரிடம் லெவல் சொல்ல ரத்னம்மாவுக்கே கூச்சமாக இருந்தது, தன் வீட்டு அரிசிப் பானையைப் பற்றிச் சொல்வதுபோல. நகரியில் கரண்ட் இல்லாமல் தறிகள் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. சுரேஷ்பாபு குவைத்துக்குப் போக ஏஜெண்டைப் போய்ப் பார்த்தான். ஏஜெண்ட் அவனுக்குப் பின்னால் நின்ற யமுனாவைப் பார்த்து, "வீட்டு வேலைக்குப் பொம்பளைங்கதான் இப்ப வேணும்," என்றான்.

அப்படித்தான் யமுனா போனாள். மூன்று வயது ரேஷ்மாவை ரத்னம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்டு, "அக்கா, உன்ன நம்பிதான் போறேன்," என்றாள். ரத்னம்மாவின் ஒரே மகன் கிரண்குமார் அப்போது ஐ.டி.ஐ. படிப்பை முடித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டிருந்தான். வீட்டில் இடம் இருந்தது. ரத்னம்மாவின் இடுப்பிலும் இருந்தது.

யமுனாவை அவள் வேலை செய்த வீட்டில் வெள்ளிக்கிழமைதான் போன் பேச விடுவார்கள். முதல் வெள்ளிக்கிழமை பிள்ளையின் காதில் ரிசீவரை வைத்தபோது, அது அம்மாவின் குரலைக் கேட்டு ரிசீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. உள்ளே ஆள் இல்லை. பிறகு அழ ஆரம்பித்தது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, மறுநாள் ஜுரம். அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாம் வெள்ளிக்கிழமை ரத்னம்மா, "கொயந்த தூங்குது யமுனா," என்றாள். பிள்ளை பக்கத்து அறையில் விளையாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் பொய் சொன்னது பிள்ளைக்காகத்தான். அதில் கள்ளம் எதுவும் இல்லை.

ஆனால் பிள்ளை ஜுரம் இல்லாமல் வளர ஆரம்பித்த பிறகும் பொய் நிற்கவில்லை. இஸ்கூலுக்குப் போயிருக்குது, கோயிலுக்குப் போயிருக்குது, வூட்டுக்குப் பின்னால கொல்லியில வெளாடுது. ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். சங்கராந்திக்கும் தீபாவளிக்கும் மட்டும் ரேஷ்மாவைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு, இரண்டு வார்த்தை பேச வைப்பாள். குவைத்தில் தனக்கு ஒரு அம்மா இருக்கிறாள் என்று ரேஷ்மாவுக்குத் தெரியும். காலண்டரில் இருக்கும் சாமியைத் தெரிந்த மாதிரி தெரியும். யமுனா அனுப்பிய கவுன்களையும் பொம்மைகளையும் கொடுக்கும்போது ரத்னம்மா, "குவைத்துலேர்ந்து வந்துக்கிது" என்பாள். யார் அனுப்பியது என்று சொல்ல மாட்டாள். குவைத் என்பது ஒரு பெரிய கடை என்று ரேஷ்மா வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மா முறைக்கு முதலில் "பெரிம்மா" என்றுதான் கூப்பிட்டாள். பேச்சு வேகத்தில் "பெரி" தேய்ந்து போய் "மா" மட்டும் மிஞ்சியது. ரத்னம்மா திருத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் கணவனுக்குச் சோறு போடும்போதுதான் சொன்னாள். "உன் தம்பி பொண்டாட்டி வராளாம்."

முனிகிருஷ்ணன் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டான். "நெசமாவா? எப்போ? யாரு சொன்னாங்க? பாபுவுக்குத் தெரியுமா?" அவன் முகம் அப்படி மலர்ந்தது ரத்னம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"துன்னு மொதல்ல," என்றாள்.

யமுனா வந்த அன்றும் மழைதான். மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து சுரேஷ்பாபு ஒரு வாடகை சுமோவில் அழைத்து வந்தான். வண்டி மலைப்பாதையில் இரண்டு இடத்தில் சிக்கி, ஆட்கள் தள்ளி, சாயங்காலம் வந்து சேர்ந்தது. யமுனா இறங்கினாள். உடம்பு பருத்திருந்தது. கழுத்தில் இரண்டு சங்கிலி, கை நிறைய வளையல். ரத்னம்மா முதலில் வளையலைத்தான் பார்த்தாள். அப்புறம்தான் அந்தக் கைகளைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. விரல்களின் தோல் சோப்பில் ஊறி ஊறி வெளுத்து உரிந்திருந்தது. தழும்பைப் பார்த்து மனசு இளகத்தான் செய்தது. ஆனால் வளையலையும் பார்த்தாயிற்றே.

"ரேஷ்மா," என்று யமுனா கையை நீட்டினாள்.

ரேஷ்மா ரத்னம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போ, உங்கம்மாதான்," என்று ரத்னம்மா சொன்னாள். சொன்னாளே தவிர, பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

அந்த நிறைவு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. யமுனா அவசரப்படவில்லை. பிள்ளையை இழுக்கவில்லை, கொஞ்சவில்லை. வாசலில் உட்கார்ந்து கதை சொன்னாள். ஆறும் ஏரியும் இல்லாத ஊர், கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிற ஊர், பூனைக்குத் தனியாக ஒரு அறை வைத்திருக்கிற வீடு. ரேஷ்மா முதல் நாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டாம் நாள் படியில் உட்கார்ந்தாள். பிறகு ஒரு காலையில் ரத்னம்மா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போய்த் திரும்பி வந்தபோது, ரேஷ்மா யமுனாவின் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். யமுனா எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன்.

"ஒத்தப் பின்னல்தான் அவளுக்குப் பிடிக்கும்," என்றாள் ரத்னம்மா.

"ரெட்டப் பின்னல்தான் மா நல்லா கீது," என்றாள் ரேஷ்மா, கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல்.

ரத்னம்மா குடத்தை இறக்கிய வேகத்தில் தண்ணீர் தளும்பித் தரையெல்லாம் ஓடியது. அன்றைக்கு யமுனா ஆசையாகக் கேட்ட ரசத்தில் மிளகாயை அள்ளிப் போட்டாள். யமுனா கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு, "உன் கை ரசம் துன்னு எத்தினி வருசமாச்சி அக்கா," என்றாள். ரத்னம்மாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இரவில் ரேஷ்மா எந்தப் பாயில் படுக்கிறாள் என்பது ரத்னம்மாவுக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. பகலில் ஒன்றுமே இல்லாத மாதிரி சிரித்துப் பேசிக்கொண்டே, ரேஷ்மா "அம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் யார் பக்கம் திரும்பிக் கூப்பிடுகிறாள் என்று பார்ப்பாள். யமுனாவும் திரும்புவாள், இவளும் திரும்புவாள். ரேஷ்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். யமுனாவை "அம்மா" என்றும், இவளைப் பழையபடி "பெரிம்மா" என்றும் கூப்பிட ஆரம்பித்தாள். தேய்ந்து போன எழுத்தெல்லாம் முளைத்து வந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் டேம் நிறைந்தது. ஒருநாள் விடியும்போது கரையின் தென்கோடியில் ஓசை கேட்டது. முனிகிருஷ்ணன் நனைந்தபடி ஓடி வந்து, "கோடி போவுது! டேம் கோடி போவுது!" என்று கத்தினான். நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்துக்குத்தான் அங்கே கோடி என்று பெயர். ஏழெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் வழிகிறது. ரத்னம்மா தானே புத்தூருக்குப் போன் போட்டு எஞ்சினியரிடம் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் "சந்தோஷம்மா, சந்தோஷம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் காலையில் மட்டும் அவள் நெஞ்சில் வேறு எதுவும் இல்லை.

கோடி போனால் தண்ணீர்த் தெய்வம் கங்கம்மாவுக்குப் புடவை சாத்த வேண்டும். மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலையோடு ஒரு புதுப் புடவையை வழிகிற தண்ணீரில் விட வேண்டும். கரை கட்டின நாளிலிருந்து அதை வாட்ச்மேன் வீட்டுப் பெண்தான் செய்கிறாள். முதலில் மாமியார், பிறகு ரத்னம்மா.

கீழ் ஊரிலிருந்து ஜனம் குடையும் கோணிப்பையும் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தது. பஞ்சாயத்து மெம்பர் வேதாச்சலம் முன்னால் வந்தார். யமுனா பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்து வைத்திருந்தாள். மாம்பழ நிறம், உடம்பெல்லாம் சரிகைப் புள்ளி. குவைத்தில் இருந்தபோது யாரோ கொடுத்தது, அவள் ஒருதரம்கூட உடுத்தாதது. ரத்னம்மா புத்தூர்ச் சந்தையில் வாங்கி வைத்திருந்த சிவப்பு நூல் புடவை அதன் பக்கத்தில் துடைக்கிற துணி மாதிரி இருந்தது.

வேதாச்சலம் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் யமுனாவே சாத்தட்டும்யா," என்றார். "கடல் தாண்டிப் போய் வந்த பொண்ணு. கங்கம்மாவும் பாக்கட்டும் குவைத் பொடவ."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்னம்மாவும் சிரித்தாள். காது மடல் இரண்டும் பற்றி எரிந்தது.

"இன்னா மெம்பரே இப்படி சொல்றீங்க?" என்றாள் யமுனா. "அக்கா இருக்கும்போது நானா? பொடவ இதுவே இருக்கட்டும், சாத்தறது அக்காதான். நான் தட்டு புடிச்சிக்கறேன்."

இப்படி விட்டுக்கொடுத்தது ரத்னம்மாவை இன்னும் சுட்டது. தன்னுடைய உரிமையை இன்னொருத்தி எடுத்துத் தானமாகக் கொடுத்தாற்போல இருந்தது.

கரைமேல் வரிசையாக நடந்தார்கள். ரத்னம்மா முன்னால், கையில் மாம்பழ நிறப் புடவை. பின்னால் யமுனா தட்டோடு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு ரேஷ்மா. இடது பக்கம் கரை விளிம்பு வரை தண்ணீர். யமுனா பேச்சுவாக்கில், மனசு நிறைந்த குரலில் பெண்ணிடம் கேட்டாள்.

"ஏண்டி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எங்கடி போயிடுவ நீ? நான் போன் போட்டா ஒருநாளாச்சும் வூட்ல இருந்துக்கிறியா?"

"வெள்ளிக்கெழமயா?" என்றாள் ரேஷ்மா. "நான் இங்கதானே இருப்பேன். போன் வந்தா பெரிம்மா உள்ள பூந்து கதவ சாத்திக்கும். டேம் சாரு பேசறாருன்னு சொல்லும்."

ரத்னம்மாவின் கால் நின்றுவிட்டது. பின்னால் தட்டில் குங்குமச் சிமிழ் உருண்டு விழும் சத்தம் கேட்டது. ஜனம் பின்னாலிருந்து, "நடம்மா, நடம்மா, மழ வலுக்குது," என்று தள்ளியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கோடியருகே குனிந்து புடவையைத் தண்ணீரில் விட்டாள். தட்டிலிருந்து மஞ்சளை எடுக்கத் திரும்பியபோது யமுனாவின் முகத்தைப் பார்க்க வேண்டி வந்தது. அந்த முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஏதோ கணக்குத் தப்பிப்போனவள் மாதிரி, உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மாம்பழ நிறப் புடவை தண்ணீரோடு சரிந்து விழுந்து கீழே ஓடையில் கண்ணுக்கு மறைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள்.

ஊர் ஜனம் இறங்கிப் போன பிறகு யமுனா அடுக்களைக்கு வந்தாள். ரேஷ்மாவை முனிகிருஷ்ணனோடு வெள்ளம் பார்க்க அனுப்பிவிட்டு வந்திருந்தாள்.

"எத்தினி நாளா அக்கா?"

ரத்னம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"மொதல்லேர்ந்தா?"

"கொயந்த அழுதுக்கினே இருந்திச்சி. துன்னல. ஜொரம் வந்திச்சி."

"சரி. அது அப்போ. அப்பால?"

அப்பால என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் ரத்னம்மாவுக்குக் கோபம் வந்தது. "அப்பால இன்னா அப்பால? நீ நகையப் போட்டுக்கினு சுமோல வந்து எறங்கிட்ட. அம்மை போட்டப்ப வேப்பிலையில படுக்க வெச்சது யாரு? ஆஸ்பத்திரிக்கு கார்வேட்டிநகரம் வரைக்கும் தோள்ல போட்டுக்கினு ஓடுனது யாரு? இஸ்கூல்ல பேரு சேத்தது, பல்லு விழுந்தா கூரமேல போட்டது, எல்லாம் யாரு? நீ வாரத்துல ஒருநாள் ஹலோன்னு சொல்லுவ, அவ உன் பொண்ணு ஆயிடுவாளா?"

யமுனா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க ஒரு சின்ன ரூம்பு அக்கா. ஜன்னல் கெடையாது. வெள்ளிக்கெழம போன் வெச்சிட்டு அதுல போயி உக்காந்துக்குவேன். கொல்லியில வெளாடுதுன்னு நீ சொல்லுவ. எந்தக் கொல்லி, புளியமரத்துக்கிட்டியா, யாருகூட வெளாடுது, சட்ட இன்னா கலரு, எல்லாம் நானே நெனச்சிக்குவேன். அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் அத நெனச்சிக்கினுதான் பாத்தரம் தேச்சேன். அவ வெளாடறா, சந்தோசமா கீறா, என்னத் தேடலன்னு எனுக்கு நிம்மதியாகூட இருந்திச்சி." குரல் அங்கேதான் உடைந்தது. "அவ அந்தப் பக்கத்து ரூம்புலதான் இருந்தாளா?"

ரத்னம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். புகை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ள அடுப்பில் புகையும் இல்லை.

"உன்னப் பாத்தா எனுக்கு வயிறு எரியும் யமுனா," என்றாள். "நீ வந்த நாள்லேர்ந்தே. உனுக்கு எல்லாம் வரும். பேச்சு வரும், படிப்பு வரும், தங்கம் வரும். இது ஒண்ணாச்சும் எனுக்கு இருக்கட்டும்னு நெனச்சேன்."

மன்னிப்பு என்று அவள் கேட்கவில்லை. யமுனாவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டாள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து சுரேஷ்பாபு அண்ணியிடம் கத்த வந்தான். முனிகிருஷ்ணன் அவனைக் கையமர்த்தினான். "அவள மட்டும் சொல்லாதடா. அவ போன எடுத்துக்கினு கதவ சாத்தறத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். கொயந்த இங்கியே ஒட்டிக்கினா நல்லாதான் இருக்கும்னு எனுக்கும் இருந்திச்சி. அதான் வாயத் தொறக்கல." ரத்னம்மா கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். இத்தனை நாள் தனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்த குற்றத்தில் அவனுக்கும் பங்கு இருந்தது அவளுக்கு ஆறுதலாக இல்லை. அதிலும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

யமுனா மூன்று மாத லீவில்தான் வந்திருந்தாள். திரும்பிப் போயே ஆக வேண்டும். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. சுரேஷ்பாபு தறிக் கொட்டகையில் தூங்குகிறவன். அவனிடம் பெண் பிள்ளையை விட முடியாது. சில நாள் கழித்து யமுனா புத்தூருக்குப் போய்வந்தாள். அங்கே ஹாஸ்டலோடு ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் இருந்தது. நடு வருஷத்திலும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

"ஹாஸ்டல்ல சேக்கறேன்," என்று வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்.

ரத்னம்மா இதை எதிர்பார்க்கவில்லை. யமுனா மறுபடி தன்னிடம்தான் விட்டுப் போக வேண்டும், வேறு வழி இல்லை என்று ஒரு மூலையில் நிச்சயமாக இருந்தாள். அன்றைக்கு முழுதும் ரேஷ்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே பாவாடையை மறுபடி மறுபடி பிரித்து மடித்தாள்.

ஹாஸ்டலுக்குப் போகிற நாளில் அவள் கூடக் கிளம்புவாளா என்று யாரும் கேட்கவில்லை. அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். யமுனா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் ரேஷ்மா ஜன்னலோரம், யமுனா அவள் பக்கத்தில். ரத்னம்மா பின் சீட்டில் டிரங்குப் பெட்டியைக் காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஹாஸ்டல் வார்டன் தாட்சாயணி என்று ஒரு பெண்மணி. நெற்றியில் பெரிய பொட்டு, சிரித்த முகம். ரேஷ்மாவின் கன்னத்தைத் தட்டி, "ஏ ஊரம்மா?" என்றாள். ரேஷ்மா, "நெமிலிமடுகு டேம்," என்றாள். முற்றத்தில் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், அதே வயதிருக்கும், நிமிர்ந்து பார்த்தது.

"இந்தத் தண்ணி உங்க ஊர்லேர்ந்தா வருது?"

"ஆமா. எங்க பெரிநைனாதான் தெறந்து விடுவாரு. இப்ப கோடி போவுது தெரியுமா? இம்மாம் ஒசரம்." ரேஷ்மா கையை விரித்துக் காட்டினாள்.

பெரியப்பாவைப் பெரிநைனா என்று உரிமையோடு சொன்னபோது ரத்னம்மாவுக்குள் குளிர்ந்தது. யமுனாவின் முகம் சுருங்கியதையும் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பேச்சைத்தான் முதலில் எடுத்தாள் பார், என்று மனசு துள்ளியது. ஆனால் துள்ளி முடிவதற்குள் அந்தப் பெண் ஈரக் கையால் ரேஷ்மாவின் கையைப் பிடித்து, "வா, என் கட்டில் பக்கத்துல ஒண்ணு காலியா கீது," என்று இழுத்துக்கொண்டு ஓடியது. ரேஷ்மாவும் ஓடினாள். இரட்டைப் பின்னல் முதுகில் குதித்தது. மாடிப்படி ஏறினாள். மேலே போய்த் திரும்பிப் பார்ப்பாள் என்று இரண்டு பேரும் கீழே அண்ணாந்து நின்றார்கள். மேலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

"பழகிடும்மா, இங்க எல்லாம் அப்படித்தான்," என்றாள் வார்டன். "நான் பாத்துக்கறேன் என் பொண்ணு மாதிரி."

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இருந்தது. ஒரே சீட்டில்தான் இடம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது.

"அது மூக்கு ஒழுகிக்கினு இருந்திச்சி, பாத்தியா?" என்றாள் யமுனா திடீரென்று.

"எது?"

"அதான், அந்தப் பொண்ணு. கையப் புடிச்சி இழுத்துக்கினு போச்சே."

"பாத்தேன்," என்றாள் ரத்னம்மா. "பாவாடையில தொடச்சிக்கினு அதே கையால இவளப் புடிச்சிது. சளி ஒட்டிக்கும்."

"வார்டன் அம்மா மட்டும் இன்னா, 'என் பொண்ணு மாதிரி'ன்னுது. வந்து ஒரு மணி நேரம் ஆவல."

"பொட்டு பாரு, கதவளவு."

யமுனா சிரித்துவிட்டாள். சிரிக்கப் போய்க் கண்ணில் நீர் வந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்டக்டர் வந்தான். ரத்னம்மா இருவருக்கும் டிக்கெட் எடுத்தாள். பஸ் மேடேறத் தொடங்கியது. வயல்களில் எல்லாம் தண்ணீர் நின்றது.

"உன் மேல எனுக்கு இன்னும் ஆறல அக்கா," என்றாள் யமுனா, வெளியே பார்த்தபடியே.

"ஆறாது," என்றாள் ரத்னம்மா. "எனுக்கே ஆறல."

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஹாஸ்டலில் பார்க்க விடுவார்கள். வீட்டிலிருந்து ஒருவர்தான் உள்ளே போகலாம். வார்டன் அதை இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தாள். ரத்னம்மா காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். யமுனாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள் என்பது தெரியும்.

"நீ ஏரோப்ளேன் ஏற வரைக்கும் ஞாயித்துக்கெழம எல்லாம் நீயே போ," என்றாள் ரத்னம்மா. "முறுக்கு சுட்டுத் தரேன். எடுத்துக்கினு போ. அப்பால நான் பாத்துக்கறேன்."

யமுனா திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்க்கிறாள் என்பது ரத்னம்மாவுக்குப் புரிந்தது. "சரி அக்கா," என்றாள் யமுனா கடைசியில்.

சொன்னது மனசாரத்தான். ஆனால் சொல்லி வாயை மூடியதுமே, யமுனா கிளம்புவதற்குள் இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று ரத்னம்மா மடிக்குள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கிவிட்டாள்.